பன்னிரண்டு நாள் முந்திய பூ

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அறுத்த அன்றைக்கே, வாடுமுன் கொப்பரையில் கொட்டிக் காய்ச்சும் பியர் யாக்கிமா பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒரு தரம்தான். முதல் கோப்பை பூவைக் கொடுத்த தோட்டக்காரருக்கு. முப்பத்தொரு வருஷமாக ஆர்மண்ட் அதைக் குடித்து, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத் தீர்ப்புச் சொல்லி வந்தார். ஒரு வருஷம் "இதைப் பன்னிக்கு ஊத்து" என்றே சொல்லிவிட்டார்.

இப்போது ஈரலில் புற்றோடு கட்டிலில் கிடந்தார். செப்டம்பர் பாதியைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பூ முற்றுவதே செப்டம்பரில்தான். காய்ச்சி இறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அவர் மனைவி லோரீன் எத்தனை தரம் விரல் மடக்கினாலும் கணக்கு உதைத்தது.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, அவருக்குத் தெரியாமல், இரண்டு வரிசைக் கொடியை மட்டும் அறுக்கச் சொன்னாள். பியர் காய்ச்சும் வேட் ஒரு பூவை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தான்.

"இது பச்சைப் புல்லு, லோரீன். தடியால அடிச்சா பழுக்குமா?"

"தெரியும். காய்ச்சு."

அவள் முகத்தைப் பார்த்தவன் பூவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

செப்டம்பர் பன்னிரண்டு மத்தியானம் கோப்பையோடு வந்தான். லோரீன் ஆர்மண்டின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். அவர் ஒரு மடக்கு குடித்து, நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடினார்.

"என்ன பெரியவரே, பன்னிக்கா?" வேட் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஒரு குறையும் இல்ல. இத்தனை வருஷத்துல இதுதான் நல்லது."

வேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். லோரீன் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெட்டிய புல்லின் காறல் தொண்டையைப் பிடித்தது. பாவி நோய் நாக்கையும் தின்றுவிட்டதே என்று நினைத்ததும், அடக்கி வைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போர்வைக்கடியிலிருந்து அவர் கை வந்து அவள் மணிக்கட்டைத் தேடியது.

"எத்தனை வரிசை அறுத்த?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு."

"பன்னெண்டு நாளாச்சும் முந்தியிருக்கும். அந்த ரெண்டு வரிசையையும் வர்ற வருஷம் தொடாத. முந்தி வெட்டினதுல அடிக்கிழங்கு சோர்ந்து போயிருக்கும். சும்மா விடு, தேறிக்கும்."

"நான்?" என்றாள் லோரீன்.

அவர் கோப்பையைத் தரச் சொன்னார். அந்தப் பச்சைக் காறலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.