மூன்று பேருக்கு ஒரு சட்டி

வியாழன் காலை பத்து மணிக்கு ஃபெர்னானின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊரில் உணவகம் நடத்தும் மார்லீஸ்.

"சட்டி அடுப்புக்குள்ள போயாச்சுன்னு ஒடில்கிட்ட சொல்லிடுங்க. பன்னெண்டரைக்கு மூணு பேருக்கு மேசை. லேட்டா வந்தீங்க, நானே தின்னு தீர்த்துடுவேன்!"

ஒடில் ஃபெர்னானின் மனைவி. முந்தின நாள் விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டாள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மார்லீஸ் தொலைபேசியை வைத்துவிட்டாள். சட்டியில் மூடி வேகவைக்கும் பெக்கெயோஃப என்ற அந்த இறைச்சி உணவு வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். மூன்று வகை இறைச்சியும் ஒரு ராத்திரி முழுக்க வெள்ளை ஒயினில் ஊற வேண்டுமே! ஒடில் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கிறாள். இவரிடம் மூச்சுவிடவில்லை.

மூன்றாவது ஆள் யாரென்று யோசிக்கவே வேண்டாம். மகன் ரெமிதான். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று அவன் சொன்ன ஒரு சொல்லுக்காக, "இனி என் முகத்துல முழிக்காதே" என்று ஆறு வருடம் முன்பு விரட்டியவர் இவர். பிடிவாதத்தில் இவரை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது ஒடிலுக்கு மட்டும்தான் தெரியும். நேற்று முழுக்க அவள் கைப்பேசியைத் திறக்க முடியாமல் இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாளை அடக்கம். தாய் முகத்தைப் பார்க்காமலே பிள்ளை இருந்துவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தார்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மார்லீஸ் மூன்று தட்டு வைத்துச் சட்டியைக் கொண்டுவந்தாள். ஆவி போகாமலிருக்க மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மாவு வெந்து சிவந்து இறுகிப்போயிருந்தது. அதை உடைப்பது எப்போதும் ஒடில்தான்.

"அவ வரட்டும். நீங்க கை வெச்சீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து உதைப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரெமி பூங்கொத்தோடு வந்தான். அப்பாவைக் கண்டதும் நின்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஓஹோ! நானும் அம்மாவும் மட்டும்தான்னு சொல்லி வரவெச்சுட்டா. எங்க அவ? அடுப்படியில ஒளிஞ்சிருக்காளா?"

"உட்காருடா."

மகனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. இதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே! வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு, அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்கார்றேன். ஆனா அம்மா வர்ற வரைக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆறு வருஷம் பேசாம இருந்தவர்தானே, இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுங்க."

பூங்கொத்தை ஒடிலின் தட்டில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"அப்படின்னா..." ஃபெர்னானுக்குக் குரல் உடைந்தது. "அப்படின்னா நீ இனிமே என்கிட்ட பேசவே போறதில்லடா."

ரெமி சிரித்துக்கொண்டே திரும்பினான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.