இத்தாலிக்காரன் பேசிய அரபி

ஜாஸிப் முதலில் கேட்டது ஈராக்கைத்தான். அஜ்மானுக்கு வெளியே மணல்மேட்டைச் சமன்செய்து கட்டிய 'ஏழு கடல்' பூங்காவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈராக் அரங்கின் முகப்பில் பாபிலோனின் நீல வாயிலைப் பாதி உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள். அதன் முன்னால் வேல் பிடித்து நிற்க ஒரு காவலன் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனான். தெற்கு ஈராக்கில் நாஸிரிய்யா பக்கத்துச் சதுப்பில் பிறந்தவன். ஈராக்குக்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நம்பினான்.

மேலாளர் ரிஃபாத் ஜோர்தான்காரர். நாற்காலியில் சாய்ந்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தோள் பத்தாதுப்பா. பாபிலோன்னா ஆள் மலை மாதிரி நிக்கணும். உன் கண்ணு வேற தேன் கலரா இருக்கு. படகு ஓட்டத் தெரியுமா?"

"அது ஒண்ணுதான் உஸ்தாத் தெரியும்."

"அப்ப நீ இத்தாலி."

பாபிலோனின் வேல் முன்ஸிஃப் என்ற துனீசியாக்காரனுக்குப் போயிற்று. ஒட்டுத்தாடி வைத்து அவனை நிறுத்தினார்கள். ஜாஸிபுக்குக் கோடுபோட்ட சட்டையும் ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பியும் கொடுத்து, மார்பில் 'மார்க்கோ' என்று பெயர் குத்தினார்கள். நாலைந்து இத்தாலிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாக அரபியில் ஒரு வார்த்தைகூடக் கூடாது என்பது உத்தரவு. நூறு திர்ஹம் கொடுத்து வெனிஸ் பார்க்க வருகிறவன் நாஸிரிய்யா பேச்சைக் கேட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பான் என்றார் ரிஃபாத்.

அந்த வெனிஸ் மோசமில்லை. முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் நீலம் பூசியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பழைய மாளிகைகளின் முகப்புகள். காரை உதிர்ந்த இடங்களைக்கூட வர்ணத்தில் வரைந்திருந்தார்கள். முகப்புக்குப் பின்னால் மாளிகை கிடையாது. இரும்புச் சாரமும், குளிர்சாதனப் பெட்டிகளும், எல்லா நாட்டுக்காரர்களும் சட்டை மாற்றுகிற ஒரே நடைபாதையும்தான். மதிய நேரத்தில் அங்கே சாமுராயும் பாரோவும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுவார்கள்.

ஓய்வு கிடைத்தால் ஜாஸிப் ஈராக் அரங்குக்குள் போய் உட்காருவான். அங்கே பிளாஸ்டிக் நாணலில் ஒரு விருந்தினர் வீடு கட்டியிருந்தார்கள். உள்ளே குளிர்சாதனம் ஓடும்.

"உங்க ஊர் வீடு இப்படியா இருக்கும்?" என்று முன்ஸிஃப் ஒருநாள் கேட்டான்.

"இவ்வளவு நல்லா இருக்காது. இதுல எலியும் இல்ல, தீயும் பிடிக்காது. எங்கம்மா பார்த்திருந்தா குடிவந்திருப்பா."

வேலையில் ஒரு விசித்திரம் இருந்தது. அவனுக்கு அரபி தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள். படகில் ஏறி உட்கார்ந்ததும் மனிதர்கள் வாய்விட்டுப் பேசினார்கள். மாமியாரை எந்த மருத்துவமனையில் விடுவது, பங்குதாரரை எப்படிக் கழற்றிவிடுவது, அக்காவின் வளையல் எங்கே போயிற்று, எல்லாம் அவன் காதில் விழுந்தது. முதல் மாதத்தில் முகம் மாறாமல் இருக்கச் சிரமப்பட்டான். பிறகு பழகிவிட்டது. துடுப்புக்கு எந்த அளவு காது உண்டோ அந்த அளவுதான் தனக்கும் என்று வைத்துக்கொண்டான்.

ஜனவரியில் ஒரு மாலை இரண்டு ஆண்கள் ஏறினார்கள். இருவரும் பாக்தாத் பேச்சு. மெலிந்தவரை மற்றவர் டாக்டர் என்று கூப்பிட்டார்; பல் மருத்துவர் என்பது பேச்சில் தெரிந்தது. கூட வந்தவர் பருமன், தங்க விளிம்புக் கண்ணாடி.

"கோதென்பர்க் விஷயத்தை எப்ப சொல்றது?" என்றார் டாக்டர். "ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க. என்னிக்காவது தெரியாமலா போயிடும்?"

"கல்யாணம் முடியட்டும், முன்கித். அவ ஸ்வீடன்ல, இவ இங்க. நடுவுல எவ்வளவு கடல் கிடக்கு!" பருமன் சிரித்தார். "முப்பத்தாறு வயசாச்சு இவளுக்கு. இதுக்கு மேல யார் வரப்போறா? வீட்டை நான் பார்த்துக்கிறேன், நீ வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு."

பாலத்தடியில் ஜாஸிப் குனிந்து, வழக்கம்போல, "பெல்லா!" என்றான். இருவரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் அதே டாக்டர் வந்தார். இந்த முறை ஒரு பெண்ணும் அவள் தாயும் கூட இருந்தார்கள். தாய் உம் லைத் சோளப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்பலகையில் உட்கார்ந்தாள். மகள் இப்திஹால் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பது தாயின் பேச்சிலேயே வெளிவந்தது. ஏறும்போதே அவள் ஜாஸிபைப் பார்த்துவிட்டுத் தாயிடம் சொன்னாள்:

"பாவம், இந்த ஆளு எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்காரோ." கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கிராட்சியே," என்றான் ஜாஸிப்.

படகு மணிக்கூண்டைத் தாண்டியது. டாக்டர் மேடைப் பேச்சாளர்போல வெனிஸின் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் பார்த்த பாலத்துக்கும் இதற்கும் ஒரு செங்கல் வித்தியாசம் கிடையாதாம். இப்திஹால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த வியாழன் நிக்காஹ். அதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நான் சின்னப் பொண்ணு இல்ல."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? என் வாழ்க்கையில வந்த முதல் பொண்ணு நீதான். அல்லாஹ் மேல ஆணை."

"இந்த ஆள் முன்னாடி எதுக்கு ஆணையெல்லாம்," என்று அவள் கூச்சப்பட்டாள்.

"இவனா? இவனுக்கு என்ன புரியும்?"

யோசித்துவிட்டுப் பேசினான் என்று ஜாஸிபைப் பற்றிச் சொல்ல முடியாது. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கோதென்பர்க்ல இருக்கிற ரெண்டு பிள்ளைங்களையும் சொல்லிடுங்க டாக்டர்."

உம் லைத்தின் கையிலிருந்த பொரி அப்படியே நின்றது.

"யா அல்லாஹ்! இத்தாலிக்காரன் பேசுறான்டி! நம்ம தெற்கத்திப் பேச்சு பேசுறான்!"

"அம்மா, பேச்சை விடு. என்ன சொன்னார்னு கேட்டியா?" இப்திஹாலின் குரல் உயரவில்லை. அவள் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேர் என்ன, பிள்ளைங்களுக்கு?"

"பைத்தியக்காரன்! யாரோ பொறாமை பிடிச்சவன் காசு கொடுத்துச் சொல்லச் சொல்லியிருக்கான்!" டாக்டர் சட்டென்று எழுந்தார். படகு ஆடியது. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் அவர் தண்ணீரில் கால் வைத்தார். வைத்த பிறகு திரும்பி ஏற மனமில்லை போலும். முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு பாலத்தடியாக நடந்து ஜப்பான் பக்கம் கரையேறினார். பாலத்தின்மேல் நின்றவர்கள் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டிப் படம் பிடித்தார்கள்.

ஜாஸிப் மீதிச் சுற்றை முடித்துப் படகைக் கரை சேர்த்தான். இறங்கும்போது இப்திஹால் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜாஸிபைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவே ரிஃபாத் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் புகார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அவர் சொன்னது பொய்யா உண்மையான்னு நான் கேக்கல ஜாஸிப். நாளைக்கு இன்னொருத்தன் ஏறும்போது, இந்த மார்க்கோவும் அரபிதானோன்னு நினைப்பான். அப்புறம் அது எப்படி வெனிஸ் ஆகும்?"

"புரியுது உஸ்தாத்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? ஆயிரம் பேர் பேசினதைக் கேட்டிருப்பே."

தண்ணீர்ப் புட்டியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார் என்று ஜாஸிபுக்குப் பட்டது. ரிஃபாத்தும் முழுக்கக் கல்மனசுக்காரர் இல்லை; பூங்காவை விட்டு அனுப்பாமல் கால்வாய் துப்புரவுக்கு மாற்றினார். காலையில் கூட்டம் வருவதற்கு முன் குப்பை வலையோடு வெனிஸைச் சுற்றிவந்து காகிதக் கோப்பைகளை அள்ள வேண்டும். சம்பளம் குறைந்தது. பேசத் தடை இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இப்திஹால் தனியாக வந்தாள். ஈராக் அரங்கின் தேநீர்க் கடையில் அவன் உட்கார்ந்திருந்தான். யாரிடமோ கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

"யார் உங்களைக் கேட்டா? சொல்லுங்க. எங்கம்மா சாப்பாட்டுல கை வைக்கிறதில்ல. பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு. பள்ளிக்கூடத்துல என்னைப் பார்த்தா பேச்சை நிறுத்துறாங்க. அரை மணி நேரம் நான் சந்தோஷமா இருந்தேன். அது உங்களுக்குப் பொறுக்கலயா?"

"நீங்கதான் கேட்டீங்க தங்கச்சி. அவர்கிட்ட கேட்டீங்க. அவர் சொல்லல."

கடைக்காரன் கேட்காமலே தேநீர் கொண்டுவந்து வைத்தான். அவள் கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"விசாரிச்சோம். உண்மைதான். மூத்தவனுக்குப் பத்து வயசாம்." பிறகு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தின வாரம் ஒரு சிநேகிதரோட வந்தார். படகுல பேசினாங்க."

"என்ன சிநேகிதர்? அவருக்கு இந்த ஊர்ல யாரும் கிடையாதே. எங்க வீட்டைத்தவிர வேற ஒருத்தரையும் தெரியாதுன்னு சொல்வார்."

"பருமனா இருந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி," என்றான் ஜாஸிப். அவள் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள். தேடும்போதே அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. ஒரு படத்தை அவன் பக்கம் திருப்பினாள். பிறந்தநாள் மேசை, உம் லைத்துக்குப் பக்கத்தில் தோளில் கைபோட்டு நிற்கும் பருமனான மனிதர். தங்க விளிம்புக் கண்ணாடி.

"இவரா?"

அவன் படத்தையும் அவளையும் பார்த்தான். ஒரு தடவை பேசி இவளுக்குக் கல்யாணம் போயிற்று. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் தேடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"இவர்தான்."

"எங்கண்ணன்," என்றாள் இப்திஹால். "லைத். சம்பந்தம் கொண்டுவந்தவரே அவர்தான். விசாரிச்சு உண்மை தெரிஞ்சதும் எங்களைவிட அதிகமா கத்தினவரும் அவர்தான்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"சிரிச்சார். டாக்டரை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னார்."

"வேற?"

"வேற எதுவும் என் காதுல விழல."

அந்த ஒரு பொய்யை அவன் கண் இமைக்காமல் சொன்னான். இரண்டு வருஷம் முகம் மாறாமல் நின்று பழகியது அப்போது உதவியது.

அவள் தேநீரைக் கடைசி மடக்குவரை குடித்தாள். "அம்மாகிட்ட இதைச் சொல்லப் போறதில்ல," என்றாள். "அவங்களுக்கு இருக்கிறது ஒரே ஆம்பளைப் பிள்ளை. அவர்கிட்ட மட்டும் சொல்வேன், எனக்குத் தெரியும்னு." எழுந்தவள், முதன்முறையாகச் சுற்றிலும் பார்த்தாள்: நீல வாயில், பிளாஸ்டிக் நாணல், பேரீச்சம்பழக் கடை. "இதுதான் நம்ம நாடாம்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேரீச்சம்பழக் கடைக்காரர் சொல்லித்தான் ஜாஸிப் தெரிந்துகொண்டான். அவருக்கு உம் லைத் வாடிக்கை. மகள் அண்ணன் வீட்டை விட்டு வந்து, பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்துத் தாயோடு இருக்கிறாள். லைத் வெள்ளிக்கிழமைதோறும் பழக்கூடையோடு வருகிறார். அவள் கதவைத் திறக்கிறாள், சாப்பாடு போடுகிறாள், அவர் எதிரே உட்காருவதில்லை. எதனால் என்று தாய்க்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டர் ஸ்வீடனுக்குத் திரும்பிப் போய்விட்டதாகப் பேச்சு.

செய்தியைக் கேட்டுக்கொண்டு ஜாஸிப் கால்கிலோ பழம் வாங்கினான். மறுநாள் காற்று அதிகம். எகிப்திலிருந்தும் சீனாவிலிருந்தும் பறந்துவந்த காகிதமெல்லாம் கால்வாயில் மிதந்தது. அவன் வலையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே இறங்கினான்.