மாத்திரை நின்ற பதினொரு மாதம்

மிக்சி பிளக் கருகுகிறது என்று விஜயகுமாரி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவள் கணவர் கலையரசன் அதைக் கழற்றினார். மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டு வேலை உடனே நடக்கும், சொந்த வீட்டு வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். ஒயரை முறுக்கி மாட்டிவிட்டு, "இப்பப் போடு" என்றார். சட்னி அரைந்தது. அவள் திரும்பியபோது, கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அவருக்கு நாலு வருடமாகப் பிரஷர். செய்யூர் பக்கத்தில் இருக்கும் அவர்கள் தெருவுக்கு மாதாமாதம் ஜெபா வருவாள். அரசாங்கத் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண். இருவருக்கும் பிரஷர் அளவு பார்த்து, போனில் ஏற்றி, மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

மெடிக்கல் பாலிசி எடுக்கும் ஆசை விஜயகுமாரியுடையது. அவளுடைய அப்பா நாற்பது பேர் படுத்திருந்த பொது வார்டில் போனவர். இவருக்காவது ஒரு தனி அறை, தனக்கு உட்கார ஒரு நாற்காலி என்று நினைத்தாள். ரிசார்ட்டில் கூட வேலை செய்த ரஞ்சித்குமார் பகுதி நேரமாக இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஃபாரத்தை அவளே நிரப்பினாள். ஏற்கெனவே நோய் உண்டா என்ற இடத்தில் பேனா நின்றது.

"பிரஷர்னு எழுதினா மாசாமாசம் கட்ற டப்பு ஏறும்கா," என்றான் அவன். "மூணு வருசம் எங்கியும் ரெக்கார்டு இல்லாம பாத்துக்கோ. அப்பால கேக்க ஆளில்ல."

'இல்லை' என்று எழுதினாள்.

ரெக்கார்டு ஜெபாவின் போனில் இருந்தது. அடுத்த முறை வந்தவளிடம், தனக்குச் சரியாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று கலையரசன் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி இரண்டு மாதம் போட்டார். தலைவலி ஒன்றும் இல்லை, விட்டுவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாலிசியில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். ரஞ்சித்குமார் பாலிசி கார்டோடு முன்னாலேயே வந்து நின்றான். பிரஷர் இருந்ததா, மாத்திரை போட்டாரா என்று டாக்டர் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று அவன் முந்திக்கொண்டான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "வாயத் தொறக்காதக்கா. எல்லாம் பூடும்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"நாலு வருசமா கீது டாக்டர். மாத்திரைய நிறுத்திப் பதினொரு மாசம் ஆவுது. ஃபாரத்துல இல்லன்னு எழுதினது நான்தான்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பிரஷரை இறக்க ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: நோயை மறைத்ததால் பணம் தர இயலாது. கட்டச் சொன்ன முன்பணத்துக்கு அவர்களிடம் வழி இல்லை. ரஞ்சித்குமார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் 108-க்குப் போன் போட்டதும் அவன்தான்.

செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள். அதே கேள்வியையும் கேட்டார்கள். இங்கே உண்மையைச் சொல்ல ஒரு துணிச்சலும் தேவைப்படவில்லை. பெரிய வார்டில் கட்டில் கொடுத்தார்கள். அவள் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தாள். மூன்று நாளும் ஒரு ரூபாய் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் போனார். ரத்தக்கசிவு பெரியது, எங்கே வைத்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. மாத்திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் ஜெபா வந்தாள். வாசலில் பையை இறக்கி வைத்தாள். பிறகு, வந்ததற்கு உனக்காவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று விஜயகுமாரியின் கையை நீட்டச் சொன்னாள்.

நூற்றிருபதுக்கு எண்பது.

"உனக்கு எப்பவும் இதாங்கா," என்று போனில் ஏற்றிக்கொண்டாள்.