வெற்றிலை பாக்கு வைத்த விசா

மலேசியாவுக்கு விசா வந்த அன்று என் வீட்டுக்காரர் அதை அச்செடுத்து, லேமினேட் வேறு செய்துகொண்டு வந்தார். கொஞ்ச நாளிலேயே அந்த நாடு, டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே சுற்றிப் பார்க்க வரலாம் என்று அறிவித்துவிட்டது. மனிதர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் பெயர் சிவஞானம். ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாடு போக ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டுமே என்று பயந்தே, ரிட்டையர் ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிப்போட்டவர். லீவு எடுக்க அனுமதி, வீடு கட்ட அனுமதி என்று ஆயுசெல்லாம் கேட்டுக் கேட்டே பழகியவரிடம் போய், ‘சும்மா வா’ என்றால் சந்தோஷமா வரும்? சந்தேகம்தான் வரும்.

"விசா கையில இருக்கு. அதைக் காட்டித்தான் போவோம்" என்றார்.

"அதுதான் வேண்டாம்னுட்டானே?"

"இந்தா பாரு கனகவல்லி. விசாங்கது வீட்டுக்கு வந்து வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுத மாதிரி. விசா வேண்டாம்ங்கது வாட்ஸப்புல பத்திரிகை அனுப்புத மாதிரி. எதுக்குப் போனா மரியாதை, நீயே சொல்லு."

வாட்ஸப் பத்திரிகை என்று சொன்னதுமே, பேச்சு மலேசியாவை விட்டுக் கச்சிபௌலிக்குப் போய்விட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஹைதராபாத்தின் மறுகோடியான கச்சிபௌலியில் இருப்பது மாதங்கி, அவருடைய ஒரே தங்கை. கல்லூரி முடித்துத் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவள், உப்பலில் எங்கள் வீட்டிலேயே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். நாத்தனார் என்றால் ஊரெல்லாம் ஒரு கதை வைத்திருக்கும். எனக்கு அவள் சிநேகிதி. அவள் வாயைத் திறந்தால்தான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கும். உப்பலிலிருந்து கச்சிபௌலி ஆபீஸுக்குப் போய் வருவதிலேயே பாதி உயிர் போகிறது என்று அங்கேயே ஒரு ஃப்ளாட் வாங்கினாள். கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"கூடப்பொறந்த அண்ணன். எனக்கும் அம்பாசமுத்திரத்து ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்கும் ஒரே பத்திரிகையா? அழையா விருந்தாளியா நான் போய் நிக்க மாட்டேன்" என்று இவர் உட்கார்ந்துவிட்டார்.

அவளா சளைத்தவள்? "வீட்டு ஆளுக்கு எவளாவது வெத்தலை வைப்பாளா மதினி? விடியக்காலம் வந்து மாவிலை கட்டுவாங்கன்னு நான் ஏணியை எடுத்துப் போட்டுக் காத்துக் கிடந்தேன்" என்று என்னிடம் ஃபோனில் அழுதாள். அண்ணனுக்குத் தப்பாத தங்கை. எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

மலேசியா எங்கள் மூன்று பேருடைய ஆசை. சொல்லப்போனால் முதலில் கிளப்பியவளே மாதங்கிதான். ஆனால் கோபத்தில் இவர் இரண்டு பேருக்கு மட்டும் விசா போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தேன். இப்போது விசாவே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? மாதங்கியும் ஒரு டிக்கெட்டைப் போட்டு எங்களோடு கிளம்பலாம். அந்தச் செய்தியைப் பார்த்ததுமே நான் மனசுக்குள் மூன்றாவது டிக்கெட்டைப் போட்டுவிட்டேன். அவள் இல்லாமல் எனக்கு மலேசியாவும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம். இவருக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த லேமினேட் செய்த காகிதத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிராவல்ஸ் நடத்தும் கிரியைக் கேட்டோம். "உங்க விசாவும் செல்லும் சார், விசா இல்லாமயும் போலாம். ரெண்டும் ஒண்ணுதான். டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம்" என்றான்.

"பாத்தியா, செல்லும்னு சொல்லிட்டான்" என்றார் இவர்.

"பாத்தீங்களா, வேண்டாம்னு சொல்லிட்டான்" என்றேன் நான். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சரி. நீங்க விசாவோட போங்க. நான் மாதங்கியோட சும்மா வாரேன். ஊரு பேரு தெரியாத நாட்டுக்காரன் கதவைத் தொறந்துபோட்டு வாங்கங்கான். அவனை நம்பி ஏரோப்ளேன் ஏறப் போறீங்க. கூடப்பொறந்தவ எட்டு மாசமா தொறந்து வச்சிருக்கா, அது கண்ணுக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை நான் அவ வீட்டுக்குப் போறேன்."

அவர் மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து வைத்திருந்தார். "கேட்டுல இறக்கி விடுதேன். வெளியவே நிப்பேன்" என்றார். மாதங்கிக்குப் பிடித்த ஆரஞ்சுப் பழம் வாங்கவும் மறக்கவில்லை. அது எனக்காக வாங்கியதாம்.

மாதங்கியின் அடுக்ககம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். வாசலில் காரை நிறுத்தியதும் செக்யூரிட்டி ஓடி வந்து, இங்கே நிற்கக் கூடாது, உள்ளே போங்கள் அல்லது கிளம்புங்கள் என்றான். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் வண்டியை உள்ளே விட்டார்.

அதற்குள் அவன் ஃபோனை நீட்டி அவரை ஒரு ஃபோட்டோ எடுத்து, "எந்த ஃப்ளாட்? கைக்கு ஆயே?" என்று விசாரித்தான். எதற்கு வந்தோம் என்று கேட்டதும் இவர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். "கெஸ்ட்" என்றேன் நான். மேலே அவளுடைய ஃபோனுக்குக் கேள்வி போயிருக்க வேண்டும். உடனே அனுமதி வந்துவிட்டது.

மாதங்கி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. நம் ஊரில் வாசலில் வைத்து வாங்க என்று சொல்லாவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பகை. இவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"சமையக்கட்டு குழாய் ஒழுகுது" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "வந்த நாள்லருந்து ஒழுகுது. அடியில பக்கெட்டு வச்சுட்டு இருக்கேன். ஒரு மனுசரு வந்து பாக்க இவ்வளவு நாளா?"

"ஏன், பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நம்ம வீட்டுல எப்ப பிளம்பரைக் கூப்பிட்டிருக்கோம்?"

அவர் செருப்பைக் கழற்றினார். நேரே உள்ளே போய், குழாயைத் திருகிப் பார்த்து, "வாஷர் போயிட்டு. எவன்டி இதை மாட்டினான்?" என்று ஊர்பேர் தெரியாத ஒருவனைத் திட்டிவிட்டு, கடைக்குக் கிளம்பிப் போனார். கதவு சாத்தியதும் மாதங்கி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எட்டு மாதத்துக்குச் சேர்த்து அழுதுகொண்டிருந்தோம்.

அவளுடைய ஃபோன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவள், அழுகையோடே சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். இவரை வாசலில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எதற்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு இந்தத் தடவை இவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார் போல. திரையில் அவருடைய படம்: கையில் வாஷர் பொட்டலம், முகத்தில் உர்ரென்ற பார்வை. கீழே எழுதியிருந்தது, பிளம்பர்.

"உள்ள விடவா மதினி?"

"கொஞ்சம் நிக்கட்டும்" என்றேன். ஆனாலும் அவள் பொறுக்காமல் அழுத்திவிட்டாள்.

அவர் வந்து ஸின்க்குக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். ஸ்பானர் சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி."

"என்ன?"

"ஒன் பாஸ்போர்ட்டு எது வரைக்கும் இருக்கு?"

மாதங்கி சுளையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்குதீங்க?"

"டிக்கெட்டு போட வேண்டாமா? மூணு பேருக்கும் ஒரே வரிசையில சீட்டு கிடைக்கணும்லா."

அவள் பாஸ்போர்ட்டைத் தேட எழுந்து ஓடினாள். தங்கையை வெளிநாட்டுக்கு அழைக்கிற லட்சணமா இது, சமையக்கட்டுத் தரையில் படுத்துக்கொண்டு, என்று கேட்க எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அதற்குப் பதிலாக, அவர் நீட்டிய கையில் ஒரு சுளை ஆரஞ்சை வைத்தேன்.