லா எஸ்பெராவுக்குப் போகும் பஸ்

அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் சமாதான உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டில், தலைநகர் பொகொதாவிலிருந்து லா எஸ்பெராவுக்கு வரும் பஸ் பதினாறு மணி நேரத்துக்குப் பதிலாக நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. சாலை அதேதான், டிரைவரும் அதே ஆள்தான். எந்த ஊருக்கு முதலில் உதவுவது என்று வாஷிங்டனில் வைத்திருந்த ஒரு பட்டியலில் ஊரின் பெயர் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது. ஊரும் அதற்கேற்பத் தலைநகருக்குப் பக்கத்தில் நகர்ந்துவிட்டது. தக்காளி விலை பாதியாக இறங்கியது.

சதுக்கத்தில் சூப்புக்கடை வைத்திருந்த ஒதிலியாவின் தம்பி அர்நுல்ஃபோவைக் கெரில்லாக்கள் கொண்டுபோய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஊரோரத் தகரக் கொட்டகையில் குடியேறிய கெரில்லாக்களில் யெசித் என்பவன் ஒருநாள் அவளிடம் வந்து, தம்பியைப் புதைத்தது தான்தான், இடம் நினைவிருக்கிறது என்றான். அவளுக்கு அந்த எலும்புகள் மட்டும் போதும். ஆனால் முறைப்படி தோண்டத் தலைநகரத்து நிபுணர்கள் வரவேண்டும்.

நாற்பது நிமிடத் தூரம் என்பதால் அமெரிக்கர்கள் காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். கொக்கெய்ன் எடுக்கும் கோக்காச் செடிகளை எண்ணினார்கள், அவற்றுக்குப் பதிலாக நடுவதற்கு மிளகுக் கன்றுகள் கொடுத்தார்கள். ஒதிலியா சொன்னதை ஓர் அதிகாரி, நல்ல மனிதர், கண் கலங்கக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்த ஆண்டு கோக்காவுக்குத்தான் முன்னுரிமை, எலும்பு அடுத்த ஆண்டு என்றார். அடுத்த ஆண்டு வேறெங்கோ ஒரு போர் தொடங்கியது. பட்டியலில் ஊர் கீழே இறங்கியது. பஸ்ஸுக்கு இரண்டு நாள் ஆனது, பிறகு ஆறு நாள். நிபுணர்கள் ஒருமுறை புறப்பட்டார்கள். அவர்கள் வர வர ஊர் தள்ளிப்போனதால் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். விளைந்த மிளகு சந்தைக்குப் போக வழியில்லாமல் மூட்டையிலேயே பூசணம் பிடித்தது. எட்டாம் ஆண்டு புதிய ஆயுதக்காரர்கள் ஆறு பேர் ஊருக்குள் வந்து, கொட்டகைக்காரர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

"நாளைக்குக் கெளம்புறேன் அக்கா. அடுத்து நாந்தான்" என்றான் யெசித்.

"போ, யாரு புடிச்சு வச்சா? எடத்தக் காட்டிட்டுப் போ."

"நாமளா தோண்டுனா சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்களே."

"எவங்கிட்டடா காட்டப் போறேன்? அவங்க வந்து சேர்றதுக்குள்ள நானே எலும்பாயிருவேன். மம்பட்டிய எடு."

மதியத்துக்குள் ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது.

"ஆழமாத்தான் தோண்டுனேன் அக்கா. நாய் இழுத்துறக் கூடாதுன்னு."

"பெரிய உபகாரம்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவாத் தோண்டு" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் எலும்புப் பெட்டியின் ஒரு முனையை யெசித் பிடித்தான். அன்றைக்கே ஊரின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. மறுநாள் காலை யெசித் ஏறிப்போன பஸ், நேராகவே ஓடி, மாலையில் அதே சதுக்கத்துக்கு வந்து நின்றது. மூன்று முறை முயன்றான். ஆயுதக்காரர்களும் ஊரைவிட்டுப் போக முயன்று அதே சதுக்கத்துக்கே திரும்பினார்கள்.

"அலைஞ்சது போதும்" என்று ஒதிலியா அவனைச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரிக்க உட்காரவைத்தாள். ஊரில் அடுப்பு எரிந்த கடை அது ஒன்றுதான். ஆயுதக்காரர்கள் வாசலில் வந்து நின்று அவனை வெளியே அனுப்பச் சொன்னார்கள்.

"உள்ளதான் இருக்கான், கெழங்கு உரிக்கிறான். அவன் உரிச்சாத்தான் சூப்பு. துப்பாக்கிய வெளிய வச்சிட்டு வாங்க."

முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நான்காம் நாள், பசி தாங்காமல், ஒவ்வொருவராகத் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.