பதினேழாம் சாட்சி

என் அக்கா ஜெயலட்சுமி என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு பன்னாட்டு நீதிமன்றம். போர் நடந்த நாடுகளில் ஊரைக் கொளுத்தியவர்கள், ஆட்களைக் கொன்றவர்கள் மேல் அங்கே வழக்கு நடக்கும். அதன் பெயரை எங்கேயும் எழுதாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. அங்கே தொழில்நுட்பக் கட்டமைப்பு, தகவல் சேவை இரண்டுக்கும் அவள்தான் தலைமை. இவ்வளவும் பொறுமையாகக் கேட்ட எங்கள் பிள்ளைப்பாக்கம் அத்தை சந்திரம்மாள், "அப்ப காஞ்சிபுரம் கோர்ட்ல நம்ம பாகப்பிரிவினை கேஸு எட்டு வருசமா தூங்கினு கீதே, ஜெயாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன்" என்றாள். அன்றோடு விளக்கம் சொல்வதை விட்டேன்.

எனக்கு அவள் வேலை புரியும். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் நான் லைன் லீடர். எங்களிடம் ஒரு பெரிய பலகை இருக்கும். எந்த ஒயர் எந்த வழியாகப் போய் எந்த கனெக்டரில் நுழையவேண்டும் என்று அதில் ஆணியடித்துக் காட்டியிருக்கும். எந்தக் காகிதம் எந்த நீதிபதிக்குப் போகலாம், எது யார் கண்ணிலும் படக்கூடாது என்று அக்கா போடுவதும் அப்படியொரு பலகைதான். எங்கள் பலகையில் தப்பு நடந்தால் காரில் ஹாரன் அடிக்காது. அவள் பலகையில் தப்பு நடந்தால் ஒரு ஆள் உயிர் போகும்.

போன மாதம் பன்னிரண்டு நாள் லீவில் படப்பைக்கு வந்தாள். லீவு என்று பெயர்தான். ஹாலில் டைனிங் டேபிளை ஆக்கிரமித்து லேப்டாப்பைத் திறந்தவள், மூட மனசில்லாமல் அங்கேயே கிடந்தாள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறாள், வாயைத் திறந்தால் சர்வர். ஆனால் காரணம் இருந்தது. அவள் இரண்டு வருடமாகக் கட்டிய புதிய ஏற்பாடு அடுத்த திங்கட்கிழமை திறக்கிறது. ஒரு வழக்கில் நாற்பத்து மூன்று பேர் ரகசியமாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய அடையாளத்தை மறைத்துவிட்டு, வாக்குமூலத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப் போகிறார்கள். புதன்கிழமை ஒரு குழு கூடி அவளை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்யும். இத்தனை பெரிய பதவியில் இருந்துகொண்டு ஆறு வருடமாக என் லைனில் உள்ள பிள்ளைகளைப் போல அவளும் கான்ட்ராக்ட்தான்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் போனில் கேட்டாள்: "ராஜி, எனக்கு அம்பது பொய்யான ஆளுங்க வேணும். நெஜ சாட்சிங்க பேப்பர வெச்சி டெஸ்ட் பண்ணக் கூடாது. ஆனா நெஜம் மாதிரியே இருக்கணும். நீதான் நல்லா கதை அளப்பியே."

கதை அளப்பேன்தான். ஆனால் ஓ.டி. முடிந்து வந்த உடம்போடு ஐம்பது பேரைப் புதிதாகப் பெறுவது லேசா? பத்துப் பேர் வரைக்கும் கற்பனை ஓடியது. அதற்கப்புறம் சுற்றிமுற்றிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் கதையை எடுத்து, கடைசியில் லாரி வந்தது, தானியக் கிடங்கு எரிந்தது, நான் பார்த்தேன் என்று ஒரு பத்தி ஒட்டி அனுப்பிவிட்டேன். பெயரைத்தான் மறைக்கப் போகிறார்களே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றேகால். அங்கே இன்னும் காலை பதினொன்று ஆகவில்லை. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"வாடி, இங்க வந்து பாரு. நீ எழுதுன ஆளுங்களத்தான் கடைசியா ஓட்டிப் பாக்கறேன். பேரு இல்ல, ஊரு இல்ல, அப்பா பேரு இல்ல, பொறந்த தேதி இல்ல. எல்லாத்தையும் அதுவே தேடிப் புடிச்சி கருப்பு அடிச்சிடுது. ஒன்னுகூட விடல."

ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருந்த ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஐம்பது வயது ஆண். பாலத்துக்குக் கீழே துணி தேய்க்கிறார். மனைவி இறந்தபிறகு செருப்புப் போடுவதில்லை.

"நம்ம இஸ்திரிக்காரரு" என்று என் வாய் முந்திக்கொண்டது.

அக்கா வாசிப்பதை நிறுத்தினாள். "யாரு?"

சொல்லவேண்டியதாயிற்று. நாற்பது பேர் நிஜ ஆட்கள் என்று கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தை நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. "கற்பனை பண்ணுன்னு தானேடி சொன்னேன்! அடுத்தவங்க வாழ்க்கைய எடுத்து அனுப்பி வெச்சிருக்கியே, அறிவு கீதா உனுக்கு?" என்றாள். வெளிநாட்டில் பதினான்கு வருடம் இருந்தாலும் கோபம் வந்தால் படப்பை வந்துவிடுகிறது. நான் தலையைக் குனிந்து நின்றேன். திட்டு வாங்கத் தகுந்த காரியம்தான்.

கொஞ்சம் ஆறியபின் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "சரி வுடு. நீ எழுதுனது, அதனால உனுக்குத் தெரியுது. எழுதாதவங்களுக்குத் தெரியாது. தோ, பதினேழாம் சாட்சி. இத்த கேளு."

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண். வீட்டில் நாலாவது பிள்ளை. வலது மணிக்கட்டில் கஞ்சி கொட்டிய தழும்பு. கல்யாணத்துக்கு முதல்நாள், தையல்காரரிடம் ரவிக்கை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைப் பைக்குள் படிப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

"எக்கா" என்று வாசலில் குரல் கேட்டது.

தங்கமாரி நின்றுகொண்டிருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். எங்கள் மாடியில் இன்னும் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருக்கிறாள், செல்போன் கம்பெனியில் வேலை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்னையப் பத்தில்லா எழுதியிருக்கு?" என்றாள். "யாருட்டக்கா சொன்னீய? எதுல போட்டிருக்காவ இத?"

அந்த ரவிக்கைக் கதையை இந்த ஊரில் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நம்பிச் சொன்னாள். நான் அதை ஒரு ஓ.டி. நாளின் சோம்பேறித்தனத்தில் எடுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுதித் தீராது.

அக்காதான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இது எதிலும் வரவில்லை, என் கம்ப்யூட்டரைத் தாண்டி எவரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உன் பேரு இல்ல, ஊரு இல்ல. எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"பேரு எதுக்குக்கா?" என்றாள் தங்கமாரி. "எங்கண்ணனுவ இதுல ரெண்டு வரி வாசிச்சா போதும். எங்க ஊர்ல யாரு வாசிச்சாலும் நாந்தான்னு சொல்லிருவாவ. அந்தப் பைய எங்க வச்சிருந்தேன்னு மொதக்கொண்டு சொல்லுவாவ."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "நீ மாவு மிஷின்காரம்மாகிட்ட இருவது வருசம் மாவு அரைச்சிருக்க. அவங்க பேரு இன்னா?"

அவள் யோசித்தாள். தெரியவில்லை.

"மூணாவது வூட்டு பி.எஃப். ஆபீஸ்காரரு பேரு? இஸ்திரிக்காரரு பேரு எழிலரசன்னு எனுக்கே ஓட்டு பூத் சிலிப்பு நம்ம வூட்டுக்கு மாறி வந்தப்பதான் தெரியும். என் லைன்ல அறுவது பொண்ணுங்க கழுத்துல பேர மாட்டிக்கினு நிக்கிறாங்க. யாராச்சும் பேர் சொல்லிக் கூப்புடறாங்களா? தேனிக்காரி, ரெட்டை ஜடை, டீ குடிக்காதவ. நம்ம பக்கம் எவனுக்குக்கா பேரு வேணும்?"

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். "அங்க பேருதான் ஆளு, ராஜி" என்றாள். "பேரையும் தேதியையும் எடுத்துட்டா ஆளே காணாம பூடுவான். அத்தயே பாத்துக்கினு இருந்துட்டேன். அந்த நாப்பத்து மூணு பேரும் எங்கேர்ந்து வராங்க தெரியுமா? முந்நூறு வூடு, ஒரு கிணறு. நம்ம தெருவு மாதிரிதான். இந்தத் தெருவுல பொறந்த நானே இத்த மறந்துட்டேனே."

"திங்கக்கிழமை?"

"எல்லா நாட்டுப் பேப்பர்லயும் தேதி வந்தாச்சு. நீதிபதிங்க ஒத்துக்கினாங்க. இப்ப போயி நிறுத்துன்னா..." அவள் முடிக்கவில்லை. புதன்கிழமையை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சட்டென்று, "உன் லைன்ல கெட்ட பீஸ் வந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

"செவப்பு பட்டன அமுக்குவேன். லைன் நின்னுடும்."

"திட்டுவாங்களா?"

"நல்லா திட்டுவாங்க. ஒரு நிமிசம் நின்னா மேல போர்டுல நம்பர் ஏறும். மேனேஜர் ஓடி வருவாரு. அமுக்காம வுட்டா என்னால சாப்புட முடியாது, அதனால அமுக்கிடுவேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனை மாட்டாமலேயே நீதிமன்றப் பதிவாளரைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள்தான் அவளுடைய மேலதிகாரி. நான் கற்ற ஆங்கிலமெல்லாம் ஷாப் ஃப்ளோர் ஆங்கிலம், இருந்தாலும் நடந்தது புரிந்தது. பெயரை மறைத்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறது, திங்கட்கிழமை வெளியிட முடியாது என்றாள் அக்கா. யார் இந்தக் குறையைக் கண்டுபிடித்தது என்று கேள்வி வந்தது. "சோதனைக்கு உதவிய இரண்டு பேர். இருவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள்" என்றாள், கொஞ்சமும் குரல் குறையாமல். குறை சாப்ட்வேரில் இல்லை, நான் அமைத்த விதத்தில்தான், தப்பு என்னுடையது என்றும் சொன்னாள். இனி ஒவ்வொரு வாக்குமூலத்தையும் மறைத்தபிறகு அந்தச் சாட்சிக்கே ரகசியமாக வாசித்துக் காட்டவேண்டும், இதைப் படித்தால் என்னை எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் வாயால் சொன்ன பிறகே வெளியே விடவேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். புதன்கிழமை குழு கூடுவது நினைவிருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டபோது மட்டும், தெரியும் என்று சொல்வதற்குள் அவள் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். பிறகு தங்கமாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தையும் என் மற்ற முப்பத்தொன்பது களவுகளையும் அழித்தாள்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய்த் தங்கமாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். ஆனால் அதைச் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் மோட்டார் போடச் சொல்லிக்கூட அவள் கீழே வரவில்லை.

புதன்கிழமை செய்தி வந்தது. நிரந்தரம் இல்லை, இன்னும் ஒரு வருடம் கான்ட்ராக்ட். அக்கா படித்துவிட்டு, "வேலையாவது கீதே" என்றாள். நான்தான் கத்தினேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத குழுவை வாய்க்கு வந்தபடி வைதேன். சத்தம் கேட்டுத் தங்கமாரி இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னாலதான அக்காவுக்கு இப்படி ஆச்சு?"

"உன்னால நாப்பத்து மூணு பேரு தப்பிச்சாங்கம்மா" என்றாள் அக்கா.

தங்கமாரி, "அவியளுக்குத் தெரியுமாக்கா? திங்கக்கெழம இப்படி ஆவப் பாத்துச்சு, நீங்கதான் நிறுத்துனீயன்னு?" என்று கேட்டாள்.

"தெரியாது. சொல்லணும்னுதான் நெனைக்கிறேன். அவங்ககிட்ட ஒரு மன்னிப்பாவது கேக்க வாணாமா?"

"சொல்லாதீயக்கா" என்றாள் தங்கமாரி. "எனக்கு அன்னையிலேர்ந்து தூக்கமே இல்ல. கதவுல சத்தம் கேட்டா எந்திச்சி உக்காந்துருதேன். அவியளாவது தூங்கட்டும்."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அன்றிலிருந்து, அவள் விமானம் ஏறும் நாள் வரைக்கும், நாங்கள் மூன்று பேரும் ஹாலிலேயே வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். கதவுப் பக்கம் நான் படுத்துக்கொண்டேன்.