தொப்பிக்காரனின் மிச்சக் கதை

குருசுக்குப்பத்துக் கன்னியம்மாள் மீன் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, ஆதிமூலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். முதல் இரண்டு அடி எல்லாச் சாவிலும் பாடுவதுதான். மூன்றாவது அடியில் சினிமாவுக்குப் போய்விட்டாள்.

"தொப்பிக்காரன் வந்து நின்னான், எங்கண்ணே, தொறமுகத்து ஓரத்திலே!
மிச்சத்த நீ சொல்லலியே, எங்கண்ணே, வெள்ளக்காரி என்ன ஆனா!"

சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து எல்லோரையும் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"அதான? அவ கப்பலேறுனாளா இல்லியா?" என்றாள் ஒருத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள் கமலவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆதிமூலம் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும் ஊருக்குப் பிரெஞ்சுப் படம் வருவது நிற்கவில்லை. ஞாயிறு பகல் ஒரே ஆட்டம். பெஞ்சு டிக்கெட்டில் ஆலைக்காரர்களும் மீன்காரிகளும் நெருக்கியடித்து உட்கார, இவர் திரையோரம் கள்ளிப்பெட்டிமேல் ஏறி நின்று, படம் ஓட ஓடக் கதையைத் தமிழில் சொல்வார். சனிக்கிழமை காலையில் ஆபரேட்டர் ரீலை ஓட்டிப் பார்க்கும்போது தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் முழுக்கப் பாயில் மல்லாந்து கிடப்பார். அவ்வளவுதான் தயாரிப்பு. அதற்கே என்ன கூட்டம்! திரையில் ழான் கபேன் சிகரெட் பற்றவைத்தால் பெஞ்சு முழுக்க விசில். பெர்னாந்தெல் பல்லைக் காட்டினால் பிள்ளைகள் தரையில் உருளும். நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் நடிகை மிஷேல் மொர்கானை நினைத்துப் பெண்ணுக்கு மிஷேலம்மாள் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கதை முடிந்ததும் ஆதிமூலம் தோள் துண்டை எடுத்துத் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றுவார். கொட்டகை அதிரும்.

ஒரு விஷயம் கமலவேணிக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குப் பிரெஞ்சு சுட்டுப்போட்டாலும் வராது.

அவள் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். பன்னிரண்டு வயதில் முதல் தடவையாக அப்பாவோடு போனபோது, திரையில் ஒருவன் "என் மனைவி!" என்று கதறினான். அப்பா பெட்டிமேல் நின்று, "ஐயோ, என் தங்கச்சி!" என்று கதறினார். பெஞ்சே அழுதது. வெளியே வந்ததும், "எப்பிடிம்மா இருந்துச்சி?" என்று ஆசையாகக் கேட்டார். "நல்லா இருந்துச்சிப்பா." அன்றிலிருந்து அவர் பெட்டிமேல் ஏறினாலே, யாராவது எழுந்து பொய் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவள் கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

நேற்று இடைவேளையில் அவர் ஒரு சோடா குடித்தார், பெட்டிமேல் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். பெஞ்சு டிக்கெட் மொத்தமும் படத்தை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. இன்று காலை ரயிலில் படப்பெட்டியும் ஊரைவிட்டுப் போய்விட்டது.

சுவரில் ஒட்டுவதற்காக அப்பா கொண்டுவந்திருந்த பட நோட்டீசைக் கமலவேணி சனிக்கிழமையே படித்திருந்தாள். தொப்பிக்காரன் அந்த வெள்ளைக்காரியின் புருஷன். அவனை விட்டுவிட்டு அவள் ஒரு மாலுமியோடு கப்பலேறுகிறாள். அப்பாவோ தொப்பிக்காரனைப் பத்து வருஷமாகத் தங்கையைத் தேடி அலையும் அண்ணனாக்கியிருந்தார்.

"மிச்சப் படத்த நா பாத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள். கொட்டகையின் மாலையோடு அரிகிருஷ்ணன் நின்றிருந்தார். கோர்ட்டுக் குமாஸ்தா, ஆதிமூலத்தின் குரல் எட்டாத பின்பக்கத்து நாற்காலி டிக்கெட்காரர். பிரெஞ்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

"நல்லா இருப்ப சாமி, சொல்லுய்யா!" என்று கன்னியம்மாள் எழுந்தே விட்டாள். "அண்ணன்காரன் அவளக் கண்டுபுடிச்சானா?"

"அண்ணனா?" என்றார் அரிகிருஷ்ணன். "எந்த அண்ணன்?"

இத்தனை வருஷமாகக் கமலவேணி பயந்தது, அப்பா பதில் சொல்ல முடியாத நாளில் வந்து நிற்கிறது.

"நா சொல்றேன்!" என்று எழுந்தாள். "அப்பா எங்கிட்ட முழுசா சொல்லியிருக்காரு."

ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் கதை தானாக வந்தது. கப்பல் சங்கு ஊதுகிறது. மாலுமி ஏணியில் நின்று கை நீட்டுகிறான். அவள் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டாள். "அப்பப் பாத்து ஓடியாரான் தொப்பிக்காரன்! போலீசு தடுக்குது. தள்ளிட்டு ஓடியாரான்!" சாவு மேளம் நின்றுவிட்டது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மூங்கிலோடு எழுந்து வந்துவிட்டார்கள். "தங்கச்சின்னு ஒரு கூப்பாடு. அவ திரும்பிப் பாக்குறா. அடிப்பானோ, இழுத்துட்டுப் போவானோன்னு நடுங்குறா. அவன் அடிக்கல. தொப்பியக் கழட்டுறான். மாலுமி தலையில வச்சி, எந்தங்கச்சியக் கண்கலங்காம பாத்துக்க மாப்ளேங்கிறான்!"

"ஐயோ, எஞ்சாமி!" என்று கன்னியம்மாள் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அரிகிருஷ்ணனைப் பார்த்தாள். "அப்பிடித்தானய்யா?"

அவர் கமலவேணியைப் பார்த்தார். படுத்திருந்தவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பிடித்தான். நல்ல மழ வேற. அப்பறம் காத்து அடிச்சி... அந்தத் தொப்பி கடல்ல விழுந்துடுது. தண்ணியில மெதந்து போறதோட படம் முடியுது."

"அவ்ளோதான் கதை!" என்றாள் கமலவேணி. அப்பாவின் துண்டு எப்போது தன் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

யாரோ ஒரு ஆலைக்காரர் பழக்க தோஷத்தில் விசிலடித்தார். அடுத்த நொடி வாசல் முழுக்க விசில். சாவு வீடு என்பதே ஒருவருக்கும் நினைவில்லை. அந்தச் சத்தத்திலேயே மேளமும் சேர்ந்துகொள்ள, ஆதிமூலத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் எடுத்தார்கள். காலையிலிருந்து ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருந்த அம்மா செல்வாம்பாள், மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தொப்பிக்காரன் புருசன்தானடி?"

கமலவேணி குடத்தோடு திரும்பினாள். "உனக்கு யாரும்மா சொன்னது?"

"உங்கப்பாதான். சனிக்கெழம சோறு திங்கும்போது சொன்னாரு. மூஞ்சியப் பாத்தாலே புருசன்னு தெரியிது செல்வா, ஆனா நம்ம கன்னியம்மா புருசன் அடி தாங்காம வுட்டுட்டு வந்தவ. இதச் சொன்னா கொட்டகையே திரும்பி அவளப் பாக்கும், அதனால அண்ணனாக்கிட்டேன்னாரு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எப்பவும் இப்பிடித்தான். யாருக்காவது ஒருத்தருக்காக மாத்துவாரு. முடிவ மட்டும் எனக்கும் சொல்லல."

தெருமுனையில் மேளத்தோடு விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கமலவேணி குடத்து நீரை வாசலில் சாய்த்தாள்.

ஈரத்தில் கால் வைத்துக் கன்னியம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்னா அப்பிடி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கமாக நடந்தாள்.